ஹெல்சிங்கி ஒருநாள் அதிர்ஷ்டம் இல்லை: டானா ஜாடோப்கோவா ஈட்டி எறிந்த பன்னிரண்டு வருடம்

கேள்வி இதுதான்: 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் செக்கோஸ்லோவாகியாவின் ஓட்டக்காரர் எமில் ஜாடோபெக் மூன்று தங்கம் வாங்கியது எல்லோருக்கும் தெரியும், அதே ஒலிம்பிக்கில் அவர் மனைவியும் ஈட்டி எறிதலில் தங்கம் வாங்கினாராமே, அவர் உண்மையிலேயே பெரிய வீராங்கனையா, இல்லை கணவர் புகழில் ஒருநாள் அடித்த அதிர்ஷ்டமா? கூடவே இன்னொன்று: 50 மீட்டர் என்பது இன்றைக்கு ஒரு பெரிய தூரமா?

முதல் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில்: பெரிய வீராங்கனைதான். ஆனால் இந்தச் சந்தேகம் வருவதில் ஆச்சரியமில்லை, ஏனென்றால் டானாவைப் பற்றி எங்கே படித்தாலும் எமிலோடு சேர்ந்த கதைகள்தான் வரும், ஒரே நாளில் பிறந்தது, ஒரே நாளில் தங்கம் வாங்கியது, இப்படி. கதைகள் நன்றாக இருக்கின்றன, நானும் கீழே ஒன்றிரண்டைச் சொல்லப் போகிறேன். ஆனால் அந்தக் கதைகள் எல்லாம் 1952-லேயே முடிந்துவிடுகின்றன. டானா அதற்கப்புறம் எட்டு வருடம் எறிந்தார், அந்த எட்டு வருடம்தான் அவர் வாழ்க்கையின் நல்ல பகுதி என்பது என் கருத்து. எமில் ஓய்ந்த பிறகும் அவர் ஓயவில்லை.

சரி, ஆரம்பத்திலிருந்து வருகிறேன். டானா இங்க்ரோவா 1922 செப்டம்பர் 19 அன்று அன்றைய செக்கோஸ்லோவாகியாவில், போலந்து எல்லையை ஒட்டிய ஃப்ரிஷ்டாட் என்ற ஊரில் பிறந்தார். இப்போது அது கார்வினா நகரத்தின் ஒரு பகுதி. எமில் பிறந்ததும் அதே நாள், அங்கிருந்து அதிக தூரமில்லாத கொப்ரிவ்னிட்ஸே என்ற ஊரில். (பெயர் விஷயம்: செக் மொழியில் பெண்ணின் குடும்பப் பெயருக்குப் பின்னால் பெரும்பாலும் 'ஓவா' சேரும், அதனால் ஜாடோபெக்கின் மனைவி ஜாடோப்கோவா. வேறு வேறு குடும்பமோ என்று குழம்ப வேண்டாம்.)

டானா முதலில் ஈட்டிக்காரர் இல்லை, ஹேண்ட்பால் ஆடியவர். மொராவியாவில் உள்ள உஹெர்ஸ்கே ஹ்ரதிஷ்டே என்ற ஊரின் அணிக்காக ஆடினார். இது தற்செயல் இல்லை. ஹேண்ட்பாலில் ஓடி வந்து, இடுப்பைத் திருப்பி, முழங்கையை உயரத்தில் வைத்துத் தோளுக்கு மேலாக எறிகிறோம் இல்லையா, ஈட்டிக்கும் அடிப்படை அதேதான். 1948-ல் தங்கம் வாங்கிய ஆஸ்திரியாவின் ஹெர்மா பவுமாவும் ஹேண்ட்பால் ஆடியவர்தான். நம்மூரில் கிரிக்கெட் பந்தை எல்லைக்கோட்டிலிருந்து நேராக விக்கெட் கீப்பர் கைக்கு எறிகிற பையனைப் பார்த்ததும் பி.டி. மாஸ்டர் அவன் கையில் ஈட்டியைக் கொடுத்துப் பார்ப்பார் அல்லவா, அந்தக் கணக்கு. எங்கள் பள்ளியில் இருந்தது மூங்கில் ஈட்டி, முனையில் மட்டும் இரும்பு, எறிந்தால் பாதி நேரம் படுக்கையாகத்தான் விழும். படுக்கையாக விழுந்தால் அளக்கவே மாட்டார்கள், முனை முதலில் தரையைத் தொட வேண்டும். கையில் பலம் இருந்தும் தூரம் வராத பிள்ளைகள் அத்தனை பேரும் மாட்டிக்கொள்கிற இடம் அதுதான், டானாவுக்கும் ஆரம்பத்தில் அங்கேதான் வேலை இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

1948 லண்டன் ஒலிம்பிக்கில் டானாவுக்கு ஏழாவது இடம், 39.64 மீட்டர். பவுமா 45.57 எறிந்து முதலிடம். வித்தியாசம் கிட்டத்தட்ட ஆறு மீட்டர். அப்போது டானாவுக்கு 25 வயது, இன்னும் இரண்டு மாதத்தில் 26. இந்த இடத்தில் அவரை விட்டுவிட்டு வேறு யாரையாவது பார்க்கலாம் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்.

லண்டன் கதை ஒன்று. எமில் 10,000 மீட்டரில் தங்கம் வாங்கினார். பெண் போட்டியாளர்களைத் தனியாக ஒரு பெண்கள் பள்ளியில் தங்க வைத்திருந்தார்கள், ஆண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. பதக்கத்தை டானாவிடம் காட்டுவதற்காக எமில் வேலியேறி உள்ளே போனார், பதக்கம் கை தவறி அங்கிருந்த நீச்சல் குளத்தில் விழுந்தது, இவர் குதித்து எடுத்தார், தலைமையாசிரியை வந்து விரட்டினார் என்று சொல்வார்கள். இருவரும் அந்த வருடமே அக்டோபர் 24 அன்று திருமணம் செய்துகொண்டார்கள். நாம் ஒரே நாளில்தான் பிறந்தோம், ஒரே நாளில் கல்யாணமும் பண்ணிக்கொண்டால் என்ன என்று எமில் கேட்டாராம். அவ்வளவுதான், இனி ஈட்டிக்கு வருவோம்.

1950 பிரஸ்ஸல்ஸ் ஐரோப்பியப் போட்டியில் டானாவுக்குப் பதக்கம் இல்லை. அங்கே ஜெயித்தது சோவியத் யூனியனின் நதாலியா ஸ்மிர்னித்ஸ்காயா. அவர்தான் அப்போதைய உலக சாதனைக்காரர், 1949-ல் மாஸ்கோவில் 53.41 எறிந்திருந்தார். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், லண்டனில் தங்கம் வாங்கிய தூரம் 45.57, மறு வருடமே உலக சாதனை 53.41. காரணம் எளிது: 1948-ல் சோவியத் யூனியன் ஒலிம்பிக்குக்கே வரவில்லை. 1952 ஹெல்சிங்கிதான் அவர்களுக்கு முதல் ஒலிம்பிக். அதாவது லண்டனில் ஏழாவது வந்த ஒரு பெண், அதைவிடப் பல மடங்கு கடினமான ஒரு களத்தில் ஜெயிக்க வேண்டும்.

களத்தில் யார் யார் இருந்தார்கள் என்று பார்த்தால்தான் அந்தத் தங்கத்தின் எடை தெரியும். அலெக்சாந்த்ரா சூதினா: முந்தின நாள்தான் நீளம் தாண்டுதலில் வெள்ளி வாங்கியிருந்தார், மூன்று நாள் கழித்து உயரம் தாண்டுதலில் வெண்கலம் வாங்கப் போகிறார், இது போதாதென்று பின்னால் வாலிபாலில் உலக சாம்பியனும் ஆனவர். இப்படி ஒருவர் எந்தக் காலத்திலும் அபூர்வம். அப்புறம் கலினா ஸிபினா: இரண்டு நாள் கழித்து குண்டு எறிதலில் தங்கம் வாங்கியவர். மூன்றாவதாக யெலேனா கோர்சகோவா, 19 வயதுப் பெண், இவரை மறக்காதீர்கள், பின்னால் வருவார்.

ஜூலை 24. அன்று மாலை 5000 மீட்டர் இறுதிப் போட்டியும் பெண்கள் ஈட்டி எறிதலும் அடுத்தடுத்து நடந்தன. எமில் கடைசி வளைவில் நான்காவதாக இருந்து எல்லோரையும் தாண்டி 14 நிமிடம் 6.6 விநாடியில் ஜெயித்தார். அந்தக் கடைசிச் சுற்றுப் படத்தை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள், முகத்தைச் சுளித்துக்கொண்டு தலையை ஆட்டி ஆட்டி ஓடுவார். டானா களத்துக்குள் போவதற்கு முன் எமிலிடமிருந்து அந்தப் பதக்கத்தை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார், ராசிக்கு. போய் முதல் எறியிலேயே 50.47 மீட்டர். பவுமாவின் ஒலிம்பிக் சாதனையைவிட 4.90 மீட்டர் அதிகம்.

முதல் எறியிலேயே பெரிய தூரம் விழுந்தால் வேலை முடிந்தது என்று நினைக்கலாம். ஆனால் எறிதல் போட்டிகளில் இதில் ஒரு கொடுமை இருக்கிறது. மீதி ஐந்து சுற்றும் மற்றவர்கள் எறிவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும், ஒவ்வொரு ஈட்டியும் இறங்குகிற இடத்தைக் கண்ணால் அளந்துகொண்டு. சூதினா 50.01 வரை வந்தார், கோர்சகோவா 49.76. வித்தியாசம் 46 சென்டிமீட்டர், ஒரு முழம்தான். ஸிபினா நான்காவது. அதாவது இரண்டாவது, மூன்றாவது, நான்காவது மூன்று இடமும் சோவியத், மேலே ஒருவர் மட்டும் செக். ஜெயித்ததும் டானா புல்தரையில் கரணம் அடித்ததாகச் சொல்வார்கள், 29 வயதில், அத்தனை பேர் முன்னால்.

இதில்தான் அந்தப் பிரபலமான சண்டை. பத்திரிகைக்காரர்களிடம் எமில், நான் 5000 ஜெயித்ததுதான் டானாவுக்கு உந்துதல் என்று விளையாட்டாகச் சொல்ல, டானா, அப்படியா, சரி, போய் வேறு ஏதாவது பெண்ணுக்கு உந்துதல் கொடுத்து அவள் ஐம்பது மீட்டர் எறிகிறாளா பாருங்கள் என்று திருப்பிக் கொடுத்தார். உங்கள் கேள்விக்கு அவரே 1952-ல் பதில் சொல்லிவிட்டார் என்றுகூட வைத்துக்கொள்ளலாம். எமில் அதோடு விடவில்லை, வீட்டுக் கணக்கு இப்போது 2-1 (10,000 மீட்டரையும் அதற்கு முன்பே ஜெயித்திருந்தார்), இது ரொம்ப நெருக்கம், குடும்பத்தில் மரியாதை வேண்டுமானால் மாரத்தானும் ஓட வேண்டும் என்று சொல்லி, அதற்கு முன் ஒரு மாரத்தான்கூட ஓடாதவர், மூன்று நாள் கழித்து அதையும் ஜெயித்தார். எட்டு நாளில் ஒரு வீட்டுக்கு நான்கு தங்கம்.

பொதுவாகக் கதை இங்கே நிற்கும். தொடர்கிறேன்.

1954 ஆகஸ்ட். ஐரோப்பியப் போட்டி, பெர்ன் நகரம். அதே மாத ஆரம்பத்தில்தான் சோவியத்தின் நதேஷ்தா கோன்யாயெவா கீவ் நகரில் 55.48 எறிந்து உலக சாதனையை உயர்த்தியிருந்தார். காகிதத்தில் பார்த்தால் டானாவுக்கு வழியே இல்லை. பெர்னில் டானா 52.91 எறிந்து ஐரோப்பிய சாம்பியன் ஆனார், கோன்யாயெவா பின்தங்கினார். ஹெல்சிங்கி அதிர்ஷ்டம் என்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தப் போட்டியைத்தான். இங்கே கணவரின் பதக்கம் எதுவும் பையில் இருந்ததாக யாரும் சொல்லவில்லை.

1956 மெல்போர்ன் அவருக்குக் கசந்த போட்டி. 49.83 எறிந்து நான்காவது. தங்கம் லாத்வியாவைச் சேர்ந்த இனேசே யவுன்ஸெமேவுக்கு, 53.86, அது எட்டாத தூரம்தான், ஆனால் வெள்ளி 50.38, வெண்கலம் 50.28. வெண்கலத்துக்கு 45 சென்டிமீட்டர் குறைவு. ஹெல்சிங்கியில் எறிந்த அதே தூரத்தை எறிந்திருந்தால் வெள்ளி கிடைத்திருக்கும். (அந்த வெள்ளியை வாங்கிய மார்லேனே அஹ்ரென்ஸ் சிலி நாட்டுக்காரர். 2024 பாரிஸ் வரைக்கும் சிலியில் ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய ஒரே பெண் அவர்தான்.) எமிலுக்கும் மெல்போர்ன் சரியாக அமையவில்லை. டானாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிப் பயிற்சி செய்து குடலிறக்கம் வந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டார், அதற்கப்புறம்தான் மாரத்தான் ஓடி ஆறாவது வந்தார் என்று சொல்வார்கள். அடுத்த வருடம் பிராகில் ஒரு கல்யாணம் நடந்தது, மெல்போர்னில் வட்டு எறிதலில் தங்கம் வாங்கிய செக் பெண் ஓல்கா ஃபிகோடோவாவுக்கும் சங்கிலிக் குண்டு எறிதலில் தங்கம் வாங்கிய அமெரிக்கர் ஹரோல்ட் கனோலிக்கும். பனிப்போர் உச்சத்தில் இருந்த நேரம். ஊரே திரண்ட அந்தக் கல்யாணத்தில் சாட்சியாக நின்றவர்கள் எமிலும் டானாவும்.

எமில் அதோடு ஓட்டத்தை முடித்துக்கொண்டார். இருவருக்கும் ஒரே வயது, நாள்கூட மாறவில்லை, அதனால் ஒப்பிட வசதி. 35 வயதில் எமில் ஓய்வு பெற்றவர். 35 வயதில் டானா என்ன செய்தார் தெரியுமா?

1958 ஜூன் 1, பிராக். 55.73 மீட்டர். உலக சாதனை.

35 வயது, எட்டு மாதம். தடகளத்தில் உலக சாதனை என்றால் இருபதுகளில் இருக்கிறவர்கள் செய்கிற காரியம். அதுவும் ஈட்டி. ஓடி வந்த வேகம் முழுவதையும் இடது காலை ஊன்றி ஒரே நொடியில் நிறுத்தி, அந்த அதிர்ச்சி இடுப்பு, முதுகு, தோள், முழங்கை என்று ஏறி விரல் நுனிக்குப் போகிறது. முப்பது தாண்டியவர்களுக்கு முதலில் முழங்கை போகும், இல்லையென்றால் முதுகு. டானாவுக்கு வயது ஏற ஏறத் தூரமும் ஏறியிருக்கிறது: 25 வயதில் 39.64, 29-ல் 50.47, 31-ல் 52.91, 35-ல் 55.73. மத்தியில் மெல்போர்ன் மட்டும் பள்ளம். இதில் ஈட்டியின் பங்கும் கொஞ்சம் இருக்கும், ஐம்பதுகளில் ஈட்டியின் வடிவம் மாறிக்கொண்டே இருந்தது, அமெரிக்காவில் ஹெல்ட் சகோதரர்கள் செய்த பருமனான ஈட்டி காற்றில் மிதந்து போகும் என்பது அன்றைக்குப் பெரிய பேச்சு. ஆனால் ஈட்டி எல்லோருக்கும்தானே மாறியது. எதிராளிகளும் அதையேதான் எறிந்தார்கள்.

அந்த உலக சாதனை 53 நாள்தான் நின்றது. ஜூலை 24 அன்று, ஆமாம், ஹெல்சிங்கி தங்கத்தின் அதே தேதி, கார்டிஃப் நகரில் ஆஸ்திரேலியாவின் அன்னா பஸேரா 57.40 எறிந்துவிட்டார். 35 வயதில் சாதனை செய்து, இரண்டு மாதம்கூட ஆகாமல் அது ஒன்றரை மீட்டருக்கு மேல் போய்விட்டது என்றால் வேறு யாராக இருந்தாலும் சரி போதும் என்று முடித்திருப்பார்கள். டானா ஆகஸ்டில் ஸ்டாக்ஹோம் போய் 56.02 எறிந்து இரண்டாவது முறையாக ஐரோப்பிய சாம்பியன் ஆனார். தன் உலக சாதனைத் தூரத்தையே பெரிய போட்டியில் வைத்துத் தாண்டுவது சாதாரணமில்லை. தெரிந்த மைதானத்தில், நல்ல காற்றில், பதற்றமில்லாத நாளில் வருகிற தூரம் சாம்பியன்ஷிப்பில் வராது என்பது எறிகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என்னைக் கேட்டால் அவருடைய ஒரு போட்டியை மட்டும் நேரில் பார்க்கலாம் என்றால் ஹெல்சிங்கியை விட்டுவிட்டு ஸ்டாக்ஹோமுக்குத்தான் டிக்கெட் வாங்குவேன்.

இன்னும் ஒன்று பாக்கி. 1960 ரோம். 38 வயது முடிய மூன்று வாரம்கூட இல்லை. ஜெயித்தது சோவியத்தின் எல்வீரா ஓஸோலினா, வயது 20, அந்த ஜூனில் 59.55 எறிந்து உலக சாதனையைத் தன் பெயரில் வைத்திருந்தவர், ரோமில் 55.98. டானா 53.78, வெள்ளி. வெண்கலம் 1958 இறுதியில் உலக சாதனை செய்திருந்த பிருத்தே கலேதியேனேவுக்கு, 53.45. அதாவது தன்னைவிடப் பதினேழு வயது சின்னவர் ஒருவரிடம் மட்டும் தோற்றார், இன்னொரு உலக சாதனைக்காரரை 33 சென்டிமீட்டரில் முந்தினார். ஒலிம்பிக் பெண்கள் தடகளத்தில் அதுவரை அவ்வளவு வயதில் யாரும் பதக்கம் வாங்கியதில்லை. ஏழாவது, முதலாவது, நான்காவது, இரண்டாவது, நான்கு ஒலிம்பிக். ஒருநாள் அதிர்ஷ்டக்காரரின் கணக்கு இப்படி இருக்காது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. 50.47 இன்றைக்குச் சின்னத் தூரம்தான், ஒளிவு மறைவில்லாமல் சொல்லலாம். நம் அன்னு ராணியின் தேசிய சாதனை 63.82. உலக சாதனை 72.28, 2008-ல் பார்போரா ஷ்போதாகோவா எறிந்தது, அவரும் செக் நாட்டுக்காரரே. ஆனால் தூரங்களை அப்படியே ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க முடியாது. பெண்கள் ஈட்டியின் எடை அன்றும் இன்றும் 600 கிராம்தான், ஆனால் 1999-ல் ஈர்ப்பு மையத்தை முன்னால் தள்ளி வடிவத்தை மாற்றினார்கள், சீக்கிரம் மூக்கு குத்தி இறங்கட்டும் என்று. பழைய வடிவத்தில் 1988-லேயே பெட்ரா ஃபெல்கே சரியாக 80.00 எறிந்துவிட்டார். அப்புறம் ஓடுபாதை. இன்றைக்குச் செயற்கை இழைப் பாதையில் முள் ஷூ கவ்விப் பிடிக்கும், டானா ஓடியது சாம்பல் தூள் பாதையில், மழை பெய்தால் ஊன்றுகிற கால் வழுக்கும். முழுநேரப் பயிற்சி, ஊட்டச்சத்து, வீடியோ போட்டுப் பார்ப்பது எதுவும் அன்றைக்குக் கிடையாது. அதனால் நான் எப்போதும் பார்ப்பது தூரத்தை இல்லை, அதே நாளில் அதே காற்றில் பக்கத்தில் நின்றவர்கள் யார் என்பதைத்தான். டானாவின் பக்கத்தில் நின்றவர்கள் பெயரை மேலே சொல்லிவிட்டேன்.

அதில் ஒருவரை மறக்காதீர்கள் என்றேனே, கோர்சகோவா. ஹெல்சிங்கியில் 19 வயதில் வெண்கலம் வாங்கிய அதே பெண் பன்னிரண்டு வருடம் கழித்து 1964 டோக்கியோவில் தகுதிச் சுற்றில் 62.40 எறிந்து உலக சாதனை செய்தார், இறுதிப் போட்டியில் அந்தத் தூரம் வரவில்லை, மறுபடியும் வெண்கலம்தான். தங்கம் ருமேனியாவின் 17 வயது மிஹேலா பெனெஷுக்குப் போனது. பெரிய தூரம் ஒன்று, பெரிய நாளில் எறிவது வேறு என்பதற்கு இவரைவிட நல்ல உதாரணம் கிடையாது, டானா இரண்டையும் செய்தவர்.

ரோமுக்கு அப்புறம் டானா பயிற்சியாளராக இருந்தார். 1968-ல் சோவியத் டாங்கிகள் பிராகுக்குள் வந்தபோது எமில் வெளிப்படையாக எதிர்த்துப் பேசினார், அதற்கு விலையாக ராணுவ வேலையும் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்த இடமும் போய், பல வருடம் மண்ணைத் துளைக்கிற குழுக்களோடு ஊர் ஊராகப் போய் வேலை செய்தார். குழந்தைகள் இல்லை, டானா பிராகில் வீட்டைப் பார்த்துக்கொண்டார். எமில் 2000 நவம்பரில் இறந்தார். டானா அதற்கப்புறமும் ஏறக்குறைய இருபது வருடம் இருந்தார், 2008-லும் 2012-லும் ஷ்போதாகோவா ஒலிம்பிக் தங்கம் வாங்கியதைப் பார்த்தார், அதற்கும் முன்பே, 1996-ல், செக் வீரர் யான் ஜெலெஸ்னி எறிந்த 98.48 மீட்டர் உலக சாதனையையும் பார்த்திருந்தார் (நம் நீரஜ் சோப்ரா 2024 இறுதியில் தன் பயிற்சியாளராக அறிவித்தாரே, அதே ஜெலெஸ்னி), 93 வயதில் தன் நினைவுகளை எழுதி வெளியிட்டார். இறந்தது 2020 மார்ச் 13, வயது 97. கொரோனாவுக்காக செக் நாட்டில் நெருக்கடி நிலை அறிவித்ததற்கு மறுநாள், அதனால் அந்தச் செய்தி நம் பக்கம் அவ்வளவாக வந்து சேரவில்லை. வந்த ஒன்றிரண்டிலும் தலைப்பு 'எமில் ஜாடோபெக்கின் மனைவி காலமானார்' என்றுதான் இருந்தது.